மணி அடிக்கச் சொன்னது யார்? 1997 மான்ட்ரியலை வைத்து ரெஸ்லிங் படிப்போம்

"எல்லாம் டுபாக்கூர்டா, ஒரு அடிகூட படாது" என்பான் ஒருவன். "அப்ப ரத்தம் எப்படி வருது?" என்று எகிறுவான் இன்னொருவன். தொண்ணூறுகளில் ரெஸ்லிங் டிரம்ப் கார்டு வைத்து விளையாடிய எந்தத் தெருவிலும் இந்தச் சண்டை நடந்திருக்கும். சீட்டில் அச்சடித்திருந்த உயரம், எடை, மார்பளவு, ரேங்க் எல்லாம் தலைகீழ்ப் பாடம். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் யாரிடமும் விடை கிடையாது. கேள்வியே கோணல் என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் உறைத்தது. நிஜமா பொய்யா என்று கேட்டுக்கொண்டிருந்தால் ரெஸ்லிங்கில் எதுவும் பிடிபடாது. உள்ளே யார் யாரை நம்பி உடம்பைக் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் எல்லாம் ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பிக்கும்.

அதைப் பார்க்க ஒரு ராத்திரி போதும். 1997 நவம்பர் 9, கனடாவின் மான்ட்ரியல் நகரம், மோல்சன் சென்டர் அரங்கம். டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) கம்பெனியின் 'சர்வைவர் சீரிஸ்' ஷோ. உள்ளே 20,593 பேர். கடைசி ஆட்டத்தில் சாம்பியன் பிரெட் ஹார்ட்டும் ஷான் மைக்கேல்ஸும் மோதுகிறார்கள். எல்லா ஆட்டத்தையும் போல இதன் முடிவும் முன்னாடியே பேசி வைத்ததுதான். ஒரே வித்தியாசம், பேசி வைத்த முடிவு இரண்டு இருந்தது. அதில் ஒன்று பிரெட் ஹார்ட்டுக்குத் தெரியாது.

அந்த ஆட்டத்துக்குப் போகும் முன் கொஞ்சம் அடிப்படை.

காசு எங்கிருந்து வருகிறது

பே-பெர்-வியூ என்பதை நம்மில் பலர் பெயராகத்தான் கேட்டிருப்போம். அமெரிக்காவில் அப்போது கேபிளுக்கு மாதச் சந்தா கட்டினாலும் சில நிகழ்ச்சிகளுக்குத் தனிக் காசு கேட்பார்கள். குத்துச்சண்டை உலகப் பட்டம், பெரிய ரெஸ்லிங் ஷோ, இந்த மாதிரி. கேபிள் கம்பெனிக்கு போன் போட்டுச் சொன்னால் அந்த ஒரு இரவுக்கு மட்டும் உங்கள் வீட்டுப் பெட்டியில் அந்தச் சானல் திறக்கும். காசு மாதாந்தர பில்லில் ஏறிவிடும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பெரிய ஷோவுக்கு ஏறக்குறைய 30 டாலர். அதில் சுமார் பாதி கேபிள்காரருக்கும் விநியோகஸ்தருக்கும், மீதி ரெஸ்லிங் கம்பெனிக்கு. ஒரு வீட்டில் காசு கட்டினால் அக்கம்பக்கத்துப் பையன்கள் பத்துப் பேர் அந்த ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தச் சந்தையில் அடிதடி ஆரம்பத்திலிருந்தே இருந்தது. சர்வைவர் சீரிஸ் பிறந்ததே ஓர் அடிதடியில்தான். 1987 நவம்பரில் போட்டிக் கம்பெனியான ஜிம் கிராக்கெட் குழு, தன் 'ஸ்டார்கேட்' ஷோவை நன்றி தெரிவிக்கும் நாளன்று முதல்முறையாக பே-பெர்-வியூவில் விட ஏற்பாடு செய்தது. டபிள்யூடபிள்யூஎஃப் முதலாளி வின்ஸ் மெக்மேன் அதே நாளில் 'சர்வைவர் சீரிஸ்' என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கேபிள் கம்பெனிகளிடம், "அதைப் போட்டால் அடுத்த ரெசில்மேனியா உங்களுக்குக் கிடையாது" என்று சொல்லியும் விட்டார். ரெசில்மேனியா என்பது வின்ஸின் வருஷாந்தரப் பெரிய ஷோ, பொன்முட்டை வாத்து. பெரும்பாலானவர்கள் ஸ்டார்கேடைக் கைகழுவினார்கள். தீபாவளிக்குத் தியேட்டர் பிடிக்கும் சண்டையைப் பார்த்த யாருக்கும் இது புதிதாகத் தெரியாது.

வாரா வாரம் திங்கட்கிழமை டிவியில் வந்த 'ரா' நிகழ்ச்சிக்கு அப்போது தனிக் காசு இல்லை. அதன் முக்கிய வேலை, காசு கட்டிப் பார்க்க வேண்டிய ஷோவுக்கு ஆசை காட்டுவது. வாய்ச் சண்டை, முதுகில் குத்து, நாற்காலி அடி எல்லாம் அங்கே நடக்கும். "இதற்கு ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்கிறேன்" என்பான் அடி வாங்கியவன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பே-பெர்-வியூ. முதலில் வருஷத்துக்கு நாலைந்து பெரிய ஷோதான் இருந்தது. 1995 மே மாதம் 'இன் யுவர் ஹவுஸ்' என்று 14.95 டாலருக்குக் குறைந்த விலை ஷோக்களைத் தொடங்கியதும் அது மாதச் சம்பளம் மாதிரி ஆகிவிட்டது. மாதம் ஒரு பெரிய சண்டை, மாதம் ஒரு முடிவு. அந்த முடிவுகளைத் தாங்கி நிற்பது சாம்பியன் பெல்ட். அது யார் இடுப்பில் இருக்கிறதோ அவரை வைத்துத்தான் அடுத்த மாதக் கடை. அதனால் பெல்ட் வெறும் பித்தளைத் தகடு என்று சொல்லிவிட முடியாது.

உள்ளே பேசும் பாஷை

ரெஸ்லிங்காரர்களுக்கென்று ஒரு பரிபாஷை உண்டு. அமெரிக்கத் திருவிழாக்களில் கூடாரம் போட்டு, "எங்கள் ஆளோடு மோதி ஜெயித்தால் பரிசு" என்று ஊர்க்காரர்களைக் கூப்பிட்ட காலத்தோடு ஒட்டி வந்தது. அதில் நாலு வார்த்தை தெரிந்தால் போதும்.

பேசி வைத்துச் செய்வது எல்லாம் 'ஒர்க்'. பேசி வைக்காமல் நிஜமாக நடப்பது 'ஷூட்'. ஆட்டம் எப்படி முடிய வேண்டும் என்பது 'ஃபினிஷ்'. நடுவில் எப்படி அடித்துக்கொண்டாலும் ஃபினிஷில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. இது ஒர்க் என்று வெளியாருக்குக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றும் கட்டுப்பாட்டுக்குப் பெயர் 'கேஃபேப்'. நல்லவன் 'பேபி ஃபேஸ்', கெட்டவன் 'ஹீல்' என்பது அநேகமாக எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

கேஃபேப் ஒரு காலத்தில் சாதிக் கட்டுப்பாடு மாதிரி இருந்தது. ஹீலும் பேபி ஃபேஸும் ஒரே காரில் போகக் கூடாது, ஒரே ஓட்டலில் சாப்பிடக் கூடாது. 1987இல் நியூ ஜெர்சியில் திரையில் பரம எதிரிகளான இருவர் ஒரே காரில் போய்ப் போலீசிடம் மாட்டியபோது, கம்பெனிக்கு அதில் பெரிய தலைவலி அவர்கள் ஒன்றாகப் போனதுதான். வேடிக்கை என்னவென்றால், இரண்டே வருஷத்தில் அதே மாநிலத்தின் செனட்டில், ரெஸ்லிங் விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்குதான் என்று டபிள்யூடபிள்யூஎஃப்பே ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் பிடியிலிருந்தும் அதன் கட்டணங்களிலிருந்தும் தப்பிக்க அது வசதியாக இருந்தது. வரி என்று வந்தால் எந்த ரகசியமும் நிற்காது போலிருக்கிறது.

ரகசியம் உடைந்தும் கூட்டம் குறையவில்லை. குறைய வேண்டியதும் இல்லை. பதினெட்டாம் போர் கூத்தில் துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்று ஊருக்கே தெரியும். தெரிந்துதானே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்.

உடம்பைக் கொடுப்பது

இனி அடி விஷயம். ரிங்குக்குக் கீழே இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய திண்டு, அதன் மேல் கேன்வாஸ். மெத்தை கிடையாது. நூறு கிலோ ஆள் முதுகடியாக விழுந்தால் கேட்கிற அந்த 'டமால்' நிஜச் சத்தம். விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி, கைகளை விரித்து, முதுகின் மேல்பகுதி முழுக்கத் தரையில் பரவும்படி விழுந்தால் வேகம் பிரிந்துவிடும். தலை பின்னால் போனால் ஆள் காலி. குத்து விடும்போது முஷ்டி தளர்வாக இருக்கும், கூடவே காலால் தரையை ஓங்கி மிதிப்பார்கள், சத்தம் அங்கிருந்து வரும். ரத்தத்துக்கு மணிக்கட்டு டேப்பில் ஒரு துண்டு பிளேடு ஒளிந்திருக்கும். நெற்றியில் லேசாக ஒரு கீறல், மீதியை வியர்வை பார்த்துக்கொள்ளும். ஆக, நம் தெருச் சண்டையில் இரண்டு பேர் சொன்னதும் பாதிப் பாதி சரி.

பெரிய பிடிகள் எதையும் ஒருவராகச் செய்ய முடியாது. பிரெட் ஹார்ட்டின் பேர் சொல்லும் 'ஷார்ப்ஷூட்டர்' பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளி மல்லாக்கக் கிடப்பார். நீங்கள் அவருடைய இரண்டு காலையும் தூக்கி, நடுவில் உங்கள் ஒரு காலை விட்டு, அவர் கால்களை உங்கள் காலைச் சுற்றிக் கத்தரி போலப் பின்னுகிறீர்கள். அப்படியே அவரைத் தாண்டிக் கால் வைத்துத் திரும்பினால் அவர் குப்புறக் கவிழ்ந்துவிடுவார். பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் அவர் இடுப்பு வில்லாக வளையும். ஜப்பானில் ரிக்கி சோஷு பிரபலமாக்கிய தேள் பிடி இதுதான். முரண்டு பிடிக்கிற ஆள் மேல் இதைப் போட்டுப் பாருங்கள், முதல் தூக்கிலேயே உங்கள் மூக்கு உடையும். அவர் காலைக் கொடுத்தால்தான் பிடி விழும். கொடுத்துவிட்ட பிறகு அவர் கவிழ்ந்து கிடப்பார், இடுப்பு உங்களிடம் இருக்கும். மான்ட்ரியலில் நடந்தது புரிய இந்த ஒரு வரி முக்கியம்.

மூன்று பேர்

பிரெட் ஹார்ட் கனடாவின் கால்கரிக்காரர். அப்பா ஸ்டூ ஹார்ட் அங்கே ரெஸ்லிங் கம்பெனி நடத்தியவர். வீட்டின் நிலவறையில் பையன்களைப் போட்டு நிஜப் பிடி பிடித்து அலற விடுவார். அந்த அறைக்கு 'டன்ஜன்' என்றே பெயர். அங்கே வளர்ந்த பிரெட்டுக்குத் தொழில் பக்தி அதிகம். எதிராளிக்கு ஒரு கீறல்கூட விழாமல் ஆட்டத்தை நிஜம் மாதிரி காட்டுவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கொஞ்சம் அதிகமாகவே சொல்லிக்கொள்வார் என்பது என் எண்ணம்.

ஷான் மைக்கேல்ஸ் டெக்சஸ்காரர். ஆட்டத்தில் அபாரம், ஆளோடு ஒத்துப்போவது கஷ்டம். அந்தக் கால நடத்தையைப் பற்றிப் பின்னாளில் அவரே வெட்கப்பட்டிருக்கிறார். 1996 ரெசில்மேனியாவில் ஒரு மணி நேர ஆட்டம் ஆடி, கூடுதல் நேரத்தில் பிரெட்டிடமிருந்து பெல்ட்டை வாங்கியவர். 1997இல் இருவருக்கும் நிஜமாகவே ஆகாது. ஜூன் மாதம் ஆடை மாற்றும் அறையில் கட்டிப் புரண்டு அடித்துக்கொண்டார்கள். அது சுத்தமான ஷூட். பிரெட் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. "தேவைப்பட்டால் உன்னிடம் தோற்க எனக்குச் சம்மதம்" என்று தான் சொன்னபோது, "எனக்கு உன்னிடம் தோற்கச் சம்மதமில்லை" என்று ஷான் பதில் சொன்னாராம். தோற்றுக் கொடுப்பதுதான் இந்தத் தொழிலில் மரியாதை. அதை மறுப்பது செருப்படிக்குச் சமம்.

மூன்றாமவர் வின்ஸ் மெக்மேன். டிவியில் பெரும்பாலும் வர்ணனையாளராகத்தான் தெரிவார். அவர்தான் முதலாளி என்பதைக் கம்பெனி வெளிச்சம் போட்டுக் காட்டியதில்லை. 1997இல் அவர் நிலைமை மோசம். டெட் டர்னரின் டபிள்யூசிடபிள்யூ கம்பெனி 1995 செப்டம்பரில் 'நைட்ரோ' என்ற நிகழ்ச்சியைத் திங்கட்கிழமையே, ராவுக்கு எதிரிலேயே இறக்கியது. 1996 நடுவிலிருந்து வாரா வாரம் பார்வையாளர் கணக்கில் ராவை முந்திக்கொண்டிருந்தது. வின்ஸின் ஆட்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். பிரெட் போய்விடக் கூடாதென்று 1996இல் அவருக்கு 20 வருஷ ஒப்பந்தம் கொடுத்தார் வின்ஸ். ஒரு வருஷம்கூட ஓடவில்லை. "இந்தச் சம்பளம் என்னால் முடியாது, அவர்களிடம் நல்ல பேரம் கிடைத்தால் போய்க்கொள்" என்று அவரே சொல்லிவிட்டார். 1997 நவம்பர் முதல் தேதி பிரெட் டபிள்யூசிடபிள்யூவுக்குக் கையெழுத்துப் போட்டார். டிசம்பரில் போக வேண்டும்.

சிக்கல், பெல்ட் அப்போது அவரிடம் இருந்தது.

ஏன் பயந்தார்கள்

"போகும்போது தோற்றுக் கொடுத்துவிட்டுப் போ" என்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். பிரெட் அதை மறுக்கவில்லை. ஷான் மைக்கேல்ஸிடம் வேண்டாம், அதுவும் கனடாவில் வேண்டாம் என்றார். அந்த வருஷக் கதையே கனடாவும் அமெரிக்காவும் மோதிக்கொள்வதுதான். பிரெட் அமெரிக்காவில் ஹீல், எல்லை தாண்டினால் தேசிய நாயகன். ஆட்டத்தின் தொடக்கத்தில் ஷான் கனடாக் கொடியை வைத்துச் செய்த அசிங்கத்தையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அப்படிப்பட்டவனிடம் அந்த மண்ணில் தோற்பதா என்பது அவர் வாதம். கடைசி 30 நாளில் தன் கதை எப்படிப் போக வேண்டும் என்று சொல்லும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருந்தது.

வின்ஸின் கண்முன் நின்றது வேறொரு காட்சி. 1995 டிசம்பரில் அவருடைய பெண்கள் சாம்பியன் மடூசா, டபிள்யூடபிள்யூஎஃப் பெல்ட்டோடு நைட்ரோவில் வந்து நின்று, கேமரா முன்னால் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டார். ஆண்கள் சாம்பியன் பெல்ட்டுக்கும் அந்தக் கதி வந்தால் கம்பெனியே அவ்வளவுதான். 1991இல் இதே மாதிரி தலைகீழாக நடந்திருக்கிறது. டபிள்யூசிடபிள்யூ சாம்பியன் ரிக் ஃப்ளேர் சண்டை போட்டு வெளியேறி, பெல்ட்டுக்குத் தான் கட்டிய 25,000 டாலர் முன்பணம் திரும்பவில்லை என்று, பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு வின்ஸின் டிவிக்கே வந்துவிட்டார். அன்று வின்ஸுக்கு அது சிரிப்பாக இருந்தது. தனக்கு என்று வரும்போது சிரிப்பு வரவில்லை.

பிரெட் அப்படிச் செய்திருப்பாரா? செய்திருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நைட்ரோவை நடத்திய எரிக் பிஷாஃப் பேசாமல் இருந்திருப்பாரா? பெல்ட் வராவிட்டாலும், "உங்கள் சாம்பியன் இப்போது எங்களிடம்" என்று திங்கட்கிழமை மேடையில் அறிவித்திருப்பார். வின்ஸின் பயம் முழுக்க வெற்றுப் பயம் இல்லை.

பேச்சுவார்த்தைக்குப் பின் ஒரு சமரசம் வந்தது. ஆட்டம் ஆளாளுக்கு உள்ளே புகுந்து குழப்பத்தில் முடியும். யாருக்கும் வெற்றி தோல்வி இல்லை. மறுநாள் ஆட்டவாவில் நடக்கும் ராவில் பிரெட் கௌரவமாகப் பேசிப் பெல்ட்டைத் திருப்பிக் கொடுப்பார். இதை பிரெட் சொல்ல, வின்ஸ் தலையாட்டினார். அந்தப் பேச்சு ஒலிப்பதிவாகவே இருக்கிறது. பிரெட்டைப் பின்தொடர்ந்து ஓர் ஆவணப்படக் குழு படமெடுத்துக்கொண்டிருந்தது. அன்று மதியம் அவர் சட்டைக்குள் மைக் இருந்தது வின்ஸுக்குத் தெரியாது. ஒருவர் ஏமாற்றத் திட்டம் போட, இன்னொருவர் ரகசியமாகப் பதிவு செய்கிறார். இரண்டு பக்கமும் நம்பிக்கை எந்த அளவில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சக வீரர் வேடர் அன்று பிரெட்டிடம் ஓர் எச்சரிக்கை சொன்னாராம். மல்லாக்கக் கிடக்காதே, யார் பிடியிலும் மாட்டாதே. ரெஃப்ரி ஏர்ல் ஹெப்னர் பிரெட்டுக்கு நீண்ட நாள் சினேகிதர். "உன்னை ஏமாற்ற மாட்டேன்" என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். சத்தியம் செய்தபோது அவருக்கே எதுவும் தெரியாது, ஆட்டத்துக்குச் சற்று முன்னால்தான் சொன்னார்கள் என்பது அவர் தரப்பு.

அந்தப் பன்னிரண்டு நிமிஷம்

வீடியோ கிடைத்தால் ஆட்டத்தை ஒரு தடவை கூட்டத்தோடு கூட்டமாகப் பாருங்கள். இரண்டாவது தடவை ரிங்கை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். வர்ணனை மேஜையில் வின்ஸ் இல்லை. ரிங் ஓரமாக நிற்கிறார். கூடவே கம்பெனி அதிகாரிகள். ஒரு சாதாரண ஆட்டத்துக்கு இத்தனை காவல் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அரங்கில் யாரும் கேட்கவில்லை. இருவருக்கும் நிஜப் பகை என்று அரசல்புரசலாகத் தெரியும், கைகலப்பைத் தடுக்க நிற்கிறார்கள் என்று நினைத்தார்கள்.

சுமார் பன்னிரண்டு நிமிஷம் ஆட்டம் பேசி வைத்தபடியே போகிறது. ரெஃப்ரி இடிபட்டுக் கீழே விழுகிறார், அதுவும் திட்டத்தில் உள்ளதுதான். ஷான் பிரெட்டின் சொந்தப் பிடியான ஷார்ப்ஷூட்டரையே பிரெட் மேல் போடுகிறார். இதுவும் திட்டம்தான். பிரெட் அதைப் புரட்டி அவிழ்க்க வேண்டும், பிறகு ஆட்கள் உள்ளே ஓடிவர வேண்டும். அதனால் பிரெட் காலைக் கொடுக்கிறார். கவிழ்கிறார்.

ஹெப்னர் எழ வேண்டிய நேரத்துக்கு முன்பே எழுந்துவிட்டார். பிடி விழுந்த சில நொடியில் மணியடிப்பவர் பக்கம் திரும்பிச் சைகை காட்டுகிறார். ரிங் ஓரத்திலிருந்து வின்ஸ், "மணியை அடி" என்று கத்துகிறார். கூடவே ஒரு கெட்ட வார்த்தை. மணி அடிக்கிறது. ஷானின் பாட்டு ஒலிக்கிறது. பிடியில் மாட்டியவர் தோல்வியை ஒப்புக்கொண்டால்தான் மணி அடிக்க வேண்டும். பிரெட் ஒப்புக்கொள்ளவே இல்லை. சொல்லப் போனால் மணிச் சத்தம் அடங்குவதற்குள் ஷானின் காலை இழுத்துப் பிடியை அவிழ்த்தும் விட்டார். ஹெப்னர் அதற்குள் ரிங்கைவிட்டு இறங்கி, வெளியே தயாராக நின்ற காரில் ஏறிப் போய்விட்டார்.

சில நொடி பிரெட்டின் முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த வெறுமையை எந்த நடிகராலும் செய்ய முடியாது. அப்புறம் கீழே நிற்கும் வின்ஸைப் பார்க்கிறார். குறி பார்த்து முகத்தில் துப்புகிறார். ஷான் தனக்கும் ஒன்றும் புரியாதது மாதிரி கோபமாகப் பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு போகிறார். அவருக்குத் தெரியும். தெரியாது என்று அப்புறம் பல வருஷம் சாதித்து, கடைசியில் ஒப்புக்கொண்டார். ஒளிபரப்பு அவசரமாக முடிகிறது. அரங்கில் இருந்தவர்கள் மட்டும் மீதியைப் பார்த்தார்கள். பிரெட் விரலால் காற்றில் டபிள்யூ, சி, டபிள்யூ என்று மூன்று எழுத்தை எழுதிக் காட்டினார். பிறகு ரிங் ஓரத்து டிவிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடித்து உடைத்தார்.

உள்ளே வீரர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். அண்டர்டேக்கர் நேரே போய், "போய் அவரிடம் பேசு" என்று வின்ஸின் கதவைத் தட்டினார். வின்ஸ் போனார். குளித்துவிட்டு வந்த பிரெட் விட்ட ஒரே குத்தில் முதலாளி தரையில் கிடந்தார். அந்தக் கண்வீக்கம் நிஜம். மிக் ஃபோலி கோபத்தில் மறுநாள் ராவுக்குப் போகவில்லை. அவர்கள் கோபத்துக்கு பிரெட் மேல் உள்ள பாசம் மட்டும் காரணமில்லை. இன்று அவருக்கு நடந்தது நாளை யாருக்கும் நடக்கலாம். ஒருவர் காலைக் கொடுக்கும்போது மணி அடிக்கும் என்றால், அப்புறம் யார் காலைக் கொடுப்பார்கள்?

இது முதல் தடவை அல்ல. 1985இல் இதே கம்பெனி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பெண்கள் சாம்பியன் வெண்டி ரிக்டரை, முகமூடி போட்ட ஓர் ஆளை அனுப்பித் தோற்கடித்தது. இரண்டு தோளும் தரையில் அழுந்தியிருக்க ரெஃப்ரி மூன்று எண்ணினால் தோல்வி. அன்று தோள் தரையில் படாமலே ரெஃப்ரி மூன்று எண்ணினார். முகமூடிக்குள் இருந்தவர் பழைய சாம்பியன் ஃபேபுலஸ் மூலா. அதற்கும் முன்னால், 1925இல் பிலடெல்பியாவில், தோற்க ஒப்புக்கொண்டு ரிங்கில் ஏறிய ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ, நிஜ மல்யுத்தம் அதிகம் தெரியாத சாம்பியன் வெய்ன் மன்னைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டார். அந்தக் காலத்தில் ஏமாற்றுவது வீரர். பிற்காலத்தில் கம்பெனி.

விற்றுத் தீர்த்தார்கள்

ஒரு வாரம் கழித்து ராவில் வின்ஸ் கேமரா முன் உட்கார்ந்து, பிரெட்டை ஏமாற்றியது பிரெட்டேதான் என்றார். நியாயப்படுத்தத்தான் சொன்னார். கூட்டத்துக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று. அந்த வெறுப்பை வின்ஸ் வீணாக்கவில்லை. வர்ணனையாளர் வேஷத்தைக் கழற்றிவிட்டு, 'மிஸ்டர் மெக்மேன்' என்ற கொடுங்கோல் முதலாளியாகவே கதைக்குள் நுழைந்தார். எதிரே, முதலாளியை மதிக்காத தொழிலாளி ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின். முதலாளி மேல் கோபம் இல்லாத ஊர் எது? 1998 ஏப்ரலில் ரா, ஒன்றரை வருஷத்துக்கும் மேலான தோல்விக்குப் பிறகு நைட்ரோவை முந்தியது. 2001இல் டபிள்யூசிடபிள்யூவையே வின்ஸ் விலைக்கு வாங்கிவிட்டார்.

அடுத்த வருஷ சர்வைவர் சீரிஸின் கடைசி ஆட்டத்தைப் பார்த்தால் சிரிப்பும் வரும், லேசாக வயிற்றைக் கலக்கவும் செய்யும். தி ராக், மிக் ஃபோலி மேல் ஷார்ப்ஷூட்டர் போடுகிறார். ஃபோலி தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. வின்ஸ் மணியடிக்கச் சொல்கிறார். மான்ட்ரியலின் அச்சு நகல். இந்தத் தடவை எல்லோருக்கும் தெரிந்த ஒர்க். முந்தின வருஷம் கோபத்தில் வேலைக்கு வராத அதே ஃபோலிதான் ஏமாந்தவராக நடித்தார்.

டபிள்யூசிடபிள்யூவும் நகலெடுத்துப் பார்த்தது, சொதப்பலாக. 1997 டிசம்பரில், அப்போது அதன் கையில் இருந்த ஸ்டார்கேட் ஷோவில், ரெஃப்ரி வேகமாக மூன்று எண்ணி ஸ்டிங் என்ற வீரரை ஏமாற்ற வேண்டும், பிரெட் வந்து, "இன்னொரு தடவை இது நடக்க விடமாட்டேன்" என்று தடுக்க வேண்டும். ரெஃப்ரி சாதாரண வேகத்திலேயே எண்ணினார். பிரெட் எதைத் தடுத்தார் என்று யாருக்கும் புரியவில்லை.

பிரெட்டுக்கு அந்தக் கம்பெனியில் நல்லது எதுவும் அமையவில்லை. 1999 மே மாதம் அவருடைய தம்பி ஓவன் ஹார்ட், கான்சஸ் சிட்டியில் ஒரு டபிள்யூடபிள்யூஎஃப் பே-பெர்-வியூவில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது விழுந்து இறந்தார். அதே டிசம்பரில் ஓர் ஆட்டத்தில் கோல்ட்பர்க்கின் உதை தலையில் சரியாகப் பட்டு பிரெட்டின் ஆட்ட வாழ்க்கையும் முடிந்தது. எதிராளியைக் காயப்படுத்தாமல் ஆடுவேன் என்று சொல்லிக்கொண்ட மனிதருக்கு அது நேர்ந்தது.

எல்லாமே பேசி வைத்த நாடகம், மான்ட்ரியலும் ஒர்க்தான், பிரெட்டுக்கும் தெரியும் என்று வாதாடும் ரசிகர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இத்தனை வருஷம் இத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருக்கும் அளவுக்கு ரெஸ்லிங்காரர்கள் அமைதியானவர்கள் இல்லை.

2010 ஜனவரி 4, ராவில் பிரெட் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு வின்ஸின் ரிங்கில் ஏறினார். ஷானைக் கூப்பிட்டார். இருவரும் பேசினார்கள், கை கொடுத்தார்கள். ஷான் விலகிப் போனபோது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. திரும்பி, தன் புகழ்பெற்ற உதையை விடப் போகிறார் என்று எல்லோருக்கும் நிச்சயம். திரும்பி வந்து கட்டிப்பிடித்தார். இருவர் முகத்தையும் பார்த்தால் அது ஷூட் என்றே தோன்றுகிறது.

அதே இரவு, நிகழ்ச்சியின் கடைசியில் வின்ஸும் வந்து பிரெட்டுக்குக் கை கொடுத்தார். கொடுத்த கை விடுவதற்குள் வயிற்றில் ஓர் உதை விட்டார். அது ஒர்க். மார்ச் மாதம் ரெசில்மேனியா வந்தது. இருவருக்கும் ஆட்டம். பார்க்கக் காசு கட்ட வேண்டும்.